வீடு என்று சொன்னேன்

அண்ணே,

இன்று அம்மாவோடு பாந்த்ரா மாதா கோயிலுக்குப் போயிருந்தேன். வழியில் மெழுகு விற்கும் பெண் தட்டை நீட்டி, "வீடா, கையா, காலா, இதயமா, எது வேணும்?" என்று இந்தியில் கேட்டாள். வேண்டுதலுக்கு ஏற்ற மெழுகு உருவத்தை வாங்கி மாதாவுக்கு வைப்பதுதானே நம் வழக்கம். வெயிலில் இளகிய மெழுகின் வாசம் வந்ததும் என் மனம் ஜெர்மனியின் கொலோன் நகரத்துக்குப் போய்விட்டது.

ரைன் ஆற்றில் சுற்றுலா போகிறவர்களின் கப்பலில் நீ சமையல் வேலை பார்த்தாய். அங்கே உனக்கு ஒருநாள் விடுப்பு. உனக்குக் காலை, தாராவியில் எனக்கு மதியம். தைக்க வேண்டிய தோல்பையை மடியில் வைத்துக்கொண்டு, போனைத் தண்ணீர்க் குடத்தில் சாய்த்து வைத்திருந்தேன். வீடியோவில் என்னையும் கூட்டிக்கொண்டே ஊரெல்லாம் நடந்தாய்.

"பேசுட்டி. பள்ளிக்கூடத்துலதான் வாயத் தொறக்காம ஒம்பதாவதோட ஓடி வந்துட்ட. இங்க உன் தமிழ் யாருக்குப் புரியப்போகுது?"

நான் சிரித்தேன். ஊசியில் நூலைக் கோத்தேன்.

ரயில் பாலத்துக் கம்பிவேலி முழுக்கக் காதலர்கள் மாட்டிய பூட்டுகள். "எம்புட்டு பூட்டு பாத்தியா, ஒரு வீடு கூட இல்ல" என்றாய். கீழே ஆறு. "நம்ம தாராவி மித்தி ஆறு அழுக்குப் போகக் குளிச்சிட்டு வந்தா இப்படித்தான் இருக்கும்."

பிறகு பெரிய கோயிலின் கோபுரம். மேலே நின்று ஆற்றைக் காட்டுகிறேன் என்று ஏறினாய். ஐந்நூறுக்கு மேல் படியாம், சுற்றிச் சுற்றிப் போகும் கல்படி. பாதியில் படம் ஆடி நின்றது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாய். அந்தக் குளிரிலும் நெற்றியெல்லாம் வேர்வை. ஒரு கை நெஞ்சைத் தேய்த்துக்கொண்டே இருந்தது.

"என்னண்ணே?" என்றேன்.

"ஒண்ணுமில்லட்டி. காலையில தின்ன ரொட்டி சும்மா இருக்க மாட்டேங்கு. அம்மாகிட்ட சொல்லிராத, பயந்துருவா."

உச்சிக்குப் போகாமலே இறங்கினாய். கோயிலுக்குள் மெழுகுதிரி வைத்திருந்த இடத்தில் வீடும் கையும் காலும் தேடினாய். எல்லாம் ஒரே மாதிரிச் சின்னத் திரிகள். "சரி, நாமளே உருவத்த நெனச்சுக்கிடுவோம். நீ சொல்லு" என்று ரகசியமாகக் கேட்டாய். சொந்தமாக ஒரு வீடு வேண்டும் என்று அம்மா எப்போதும் சொல்வது நினைவுக்கு வந்தது. "வீடு" என்றேன். நீயும் வீட்டை நினைத்து ஏற்றினாய்.

அப்போதும் உன் கை நெஞ்சில்தான் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டேதான் வீடு என்றேன்.

இரண்டு ஞாயிறு கழித்து, கப்பலின் சமையல்கட்டில் நீ விழுந்துவிட்டாய் என்று போன் வந்தது. விழுந்ததோடு சரி, எழுந்திருக்கவே இல்லை. அன்றே அம்மாவிடம் சொல்லியிருந்தால் அழுதே உன்னை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பாள். அம்மா அழுதால் நீ தாங்கமாட்டாய்.

இன்று நான் இதயத்தை வாங்கினேன். "யாருக்கு நெஞ்சுவலி?" என்று அம்மா கேட்டாள். நான் காசை எண்ணிக் கொடுத்தேன். மாதா முன்னால் நின்றும் அதை வைக்கக் கை வரவில்லை. இனி எதற்காக வைப்பது?

திரும்பும்போது பஸ்ஸில், வழக்கம்போல அம்மா ஆரம்பித்தாள்.

"லீவு கெடச்ச அன்னைக்குப் பூரா உன்கூடத்தானட்டி பேசிக்கிட்டிருந்தான். நல்லாத்தான இருந்தான்?"

மெழுகு என் உள்ளங்கைச் சூட்டில் ஒட்டியது. விரலை மூடிக்கொண்டேன்.

"நல்லாத்தாம்மா இருந்தான்" என்றேன்.