நாயின் வாயைக் கட்டியவனுக்கு நாங்கள் சொன்ன நன்றி

கொட்டாஞ்சேனை,
ஞாயிறு மாலை.

அன்பு மகள் டில்ஷானிக்கு,

ஆண்டவர் இரக்கத்தால் நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், நீயும் மருமகனும் மெல்பேர்னில் அப்படியே இருக்க மன்றாடுகிறோம். அம்மாவின் முழங்கால் வீக்கம் வற்றிவிட்டது. நேற்று போனில் நீ, "அப்பா, மற்ற வீட்டுக்காரரின்ட பிரச்சினைக்குள்ள ஏன் போறீங்க? பொலிசில குடுத்ததை வாபஸ் எடுங்கோ" என்றாய். பேச்சில் எனக்கு உடனே பதில் வராது என்பது உனக்குத் தெரியும், அதனால் எழுதுகிறேன்.

எங்கள் தொடர்மாடிக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் போன வருடம் குடிவந்த செபஸ்தியனை நீ கண்டதில்லை. துறைமுகத்தில் வேலை, எல்லோரிடமும் மரியாதையான பேச்சு. அவனுடைய நாய் பகலெல்லாம் குரைக்கிறது என்று சனங்கள் முறையிட்டபோது, தொடர்மாடிச் சங்கச் செயலாளர் என்ற முறையில் நான்தான் அவனுக்குக் கடிதம் எழுதினேன். மிகவும் பணிவான கடிதம், இரண்டு தரம் திருத்தி எழுதியது. மறுநாளே சத்தம் நின்றது. மாடிப்படியில் அந்த நாயைக் கண்டேன், வாயைச் சுற்றி நைலோன் கயிறு, தோலுக்குள் இறங்கியிருந்தது. "நீங்கதானே அங்கிள் சத்தம் வேணாமெண்டு எழுதினீங்க, இப்ப பாருங்கோ, பூசைக்கு வந்த பிள்ளை மாதிரி" என்று சிரித்தான். நானும் சிரித்தேன், மகள். அந்த வாரக் கூட்டத்தில் அவனுக்கு நன்றி தெரிவிக்கப்பட்டது என்று, கண்டதெல்லாம் கண்ட பிறகும், என் கையாலேயே குறிப்பில் எழுதினேன். தவக்காலம் முடியுமுன் நாய் செத்துப்போனது.

அதன் பிறகுதான் அவன் மனைவி யூஜினா பூசையில் கடைசி வரிசை வாங்கில் முகத்தை மூடிக்கொண்டு இருக்கத் தொடங்கினாள். குளியலறையில் வழுக்கியதாக அம்மாவிடம் சொன்னாள். ஒரு மாதத்தில் மூன்று தரம் ஒருவர் வழுக்கி விழுவாரா? நாயை வதைப்பவன் எல்லாம் மனைவியை வதைப்பான் என்று நான் சொல்லவில்லை, அதைச் சொல்லும் படிப்பு எனக்கில்லை, பிழையாக நினைக்கிறேனோ என்று பல நாள் குழம்பினேன். ஆனால் நோகச் செய்தால் வீட்டில் சத்தம் அடங்கும் என்பதை அவன் அந்த நாயில் பழகினான், நாங்கள் அதற்கு நன்றி சொன்னோம். போன வியாழன் யூஜினா கழுத்தில் கயிற்றுத் தடத்தோடு எங்கள் கதவைத் தட்டினாள். நானும் அம்மாவும் அவளைப் பொலிசுக்குக் கூட்டிப்போனோம். அவள் முறைப்பாடு கொடுத்தாள், நான் நாயிலிருந்து தொடங்கித் திகதிகளோடு வாக்குமூலம் கொடுத்தேன். எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, நாயையும் எழுதவா என்று சிங்களத்தில் கேட்டார். எழுதுங்கள் என்றேன்.

இன்று பூசை முடிந்து சங்கத் தலைவர் எட்வேட் வந்தார். "நாயையும் பொம்பிளையையும் ஒண்டா முடிச்சுப் போடுறீங்களே, யேசுரட்ணம், உங்களுக்கு வயசு போட்டுது. தொடர்மாடிக்கு எவ்வளவு அவமானம், வாபஸ் எண்டு இதில கையெழுத்து வையுங்கோ" என்று ஒரு தாளை நீட்டினார். மாட்டேன் என்றேன். குரல் எழும்பவில்லை, என்ன சொன்னீர்கள் என்று கேட்டார், ஆகவே இரண்டாம் முறையும் சொன்னேன். அந்த நன்றியைக் கூட்டக் குறிப்பிலிருந்து வெட்ட வேண்டும் என்றும் சொன்னேன். தாளை மடித்து அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன்.

நீ கேட்டாலும் வாபஸ் எடுக்கமாட்டேன், மகள். வைத்தியர் சொன்ன இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதே. மாதா உங்கள் இருவரையும் காக்கட்டும். யூஜினா உன் அறையில் இருக்கிறாள். நத்தார் பண்டிகைக்கு நீங்கள் வரும்போதும் அவளுக்குப் போக இடமில்லையென்றால் நீங்கள் முன் ஹோலில்தான் படுக்க வேண்டும், அதை இப்போதே சொல்லி வைக்கிறேன்.

என்றும் உன் அப்பா,
ம. யேசுரட்ணம்