நூற்றெண்பது கிலோ தாங்கிய கைத்தடி

மார்ச் 3
அப்பாவுக்கு முழங்கால் அறுவை முடிந்து இருபது நாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த அலுமினியத் தடி கதவோரம் சாத்தியபடியே இருக்கிறது. பிசியோ இன்று கறாராகச் சொன்னார்: "இந்த மாசம் நடக்கலேன்னா மூட்டு இறுகிடும். அப்புறம் என்னைக் கூப்பிடாதீங்க." அப்பா தலையாட்டினார். தலையாட்டுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை.

மார்ச் 7
தம்பி ஒரு கைத்தடி வாங்கி வந்தான். கருஞ்சிவப்பு மரம், வளைந்த பிடி, கழுத்தில் பித்தளைப் பூண். விலை, அலுமினியத் தடியைப்போல ஏழு மடங்கு. "அழகா இருக்குல்லக்கா?" என்கிறான். அழகு சோறு போடுமா? நாற்காலி, ஏணி, தடி எல்லாம் எத்தனை கிலோ தாங்கும் என்று சோதிக்கும் வேலையில் பதினொரு வருஷமாக இருக்கிறேன். பளபளப்பை எதை மறைக்கப் பூசுகிறார்கள் என்று எனக்குத் தெரியாதா?

மார்ச் 8
அப்பா தெருமுனை வரை நடந்தார். புதுத் தடியோடு.

மார்ச் 10
இன்று சந்தை வரை போய் வந்தார். சந்தேகமாக இருக்கிறது. அதே கால், அதே வலி. அப்படியானால் இத்தனை நாள் நடித்தாரா? இல்லை, மகன் வாங்கித் தந்தது என்ற பெருமையா? கேட்டால் "சும்மா இரும்மா" என்கிறார். அந்தப் பூண் வேறு கண்ணை உறுத்துகிறது. அதற்குக் கீழேதான் கடைக்காரன் ஒட்டுப் போட்டு மறைத்திருப்பான். நடுத்தெருவில் முறிந்தால்?

மார்ச் 11
அப்பா எழுவதற்குள் தடியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். மெஷினில் மாட்டினோம். நூறு கிலோ தாங்கியது. நூற்றைம்பதும் தாங்கியது. மெஷின் ஓட்டுபவர் "போதும் மேடம், பாஸ் ஆயிடுச்சு" என்றார். நான்தான் இன்னும் ஏற்றச் சொன்னேன். நூற்றெண்பதைத் தாண்டியதும் முறிந்தது. பூணுக்குக் கீழே ஒட்டு எதுவும் இல்லை, ஒரே மரம்.

ஏன் நிறுத்தச் சொல்லல நான்? அது உடையணும்னு நெனச்சேன் — அதான் உண்மை. வெட்கமா இருக்கு.

அப்பா இரண்டு துண்டுகளையும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். "என் எடை அறுபத்திரண்டு. கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே."

மார்ச் 15
நாலு நாளாக வெளியே போகவில்லை. கால் மடக்க முடியவில்லை என்கிறார்.

மார்ச் 16
கெஞ்சிக் கூத்தாடி, அலுமினியத் தடியோடு நானே கூட்டிப்போனேன். மருந்துக்கடைக்காரர், தையல்காரர், எதிர்வீட்டு அக்கா — மூன்று பேருக்கும் ஒரே கேள்வி: "உடம்புக்கு என்னாச்சு?" அப்பா பாதியிலேயே திரும்பிவிட்டார். வாசலுக்கு வந்ததும் சொன்னார்: "அந்தத் தடியைப் பாத்தா, எங்க வாங்கினீங்கன்னு கேப்பாங்க. அதுக்கு பதில் சொல்றது சுலபமா இருந்துச்சு."

இதற்குத்தானா ஏழு மடங்கு?

மார்ச் 18
தம்பி வாங்கிய அதே கடையில் ஒரு மணி நேரம் நின்றேன். அந்தச் சிவப்பு இல்லை. கரும்பழுப்பில், பிடியில் இலை செதுக்கிய ஒன்றை எடுத்தேன். எத்தனை கிலோ தாங்கும் என்ற கேள்வி நுனிநாக்கு வரை வந்தது, கேட்கவில்லை. கடைக்காரர் ஒரு பைசா குறைக்கவில்லை. அந்த ஆள்மேல் எனக்கு இப்போதும் நம்பிக்கை இல்லை.

மார்ச் 20
அப்பாவுக்குப் புதுத் தடி வாங்கிக் கொடுத்ததைச் சொன்னதும் மெஷின் ஓட்டுபவர் விலை கேட்டார். பாதியைச் சொன்னேன். "அதுக்கே உங்களை நல்லா ஏமாத்திட்டான் மேடம்" என்றார். நான் வாதாடவில்லை.

வீட்டுக்கு வந்தால் கதவு பூட்டியிருக்கிறது. சாவி அப்பாவிடம். முக்கால் மணி நேரமாகப் படியில் உட்கார்ந்திருக்கிறேன்.