வெள்ளச்சிக்கு முடி வளரவில்லை

ஆரம்பாக்கம்
கார்த்திகை, 1977

அருமை மகள் செல்லியம்மாளுக்கு,

ஆரம்பாக்கம் சாம்ராஜ்யத்தின் வடக்கு எல்லைக் காவலனும் கும்மிடிப்பூண்டி கம்பிக் கம்பெனியின் ராத்திரி வாட்ச்மேனுமாகிய உன் சித்தப்பா முனிகிருஷ்ணன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் சின்னம்மாவும் ஒரு மகாராணியும் ஆக மூன்று பேர் இருக்கிறோம், மூவரில் சுகமாக இருப்பது மகாராணி ஒருத்திதான். பிலாயில் நீயும் மாப்பிள்ளை சுப்பிரமணியும் அவளைப் போலவே சுகமாக இருக்க அங்காளம்மன் காப்பாற்றட்டும். உன் கடிதம் ஐப்பசியிலேயே வந்துவிட்டது, பதில் போடாததற்குக் கோபித்துக்கொள்ளாதே, பேனாவைத் திறந்தால் கொட்டாவி வருகிறது, கொட்டாவி விட்டு முடிப்பதற்குள் டூட்டிக்கு ரயில் வந்துவிடுகிறது. என் கண்ணுக்குக் கீழே தொங்குகிற பையில் ஒரு மரக்கால் நெல் அளந்து கொட்டலாம். அங்கே குளிர் ஆரம்பித்திருக்கும், மாப்பிள்ளை இரும்பு உருக்குகிற ஃபர்னஸ் பக்கம் வேலை செய்கிறவர், அவருக்குத் தெரியாது, நீ கம்பளி போட்டுக்கொள், காலில் வெறுமனே நடக்காதே.

மகாராணி யார் என்று கேட்பாய். எங்கள் மேனேஜர் மணவாளன் ஐயாவை உனக்குத் தெரியாது, நீ போன பிறகு வந்தவர். ஆடி மாதம் ஒரு நாள் கேட்டில் ஜீப்பை நிறுத்தி, முனிகிருஷ்ணா, நாங்க குடும்பத்தோட காசி, டெல்லி, காஷ்மீர்னு சுத்திட்டு வரப்போறோம், வர மாசக்கணக்காகும், எங்க லில்லிய உன் வீட்ல வெச்சுப் பாத்துக்க, வந்ததும் உன் பர்மனென்ட் ஆர்டர்ல கையெழுத்துப் போடுறேன் என்றார். நான் எத்தனை வருஷமாகத் தற்காலிக வாட்ச்மேனாகவே கிழடாகிக்கொண்டிருக்கிறேன் என்பது உனக்குத் தெரியும். பர்மனென்ட் ஆனால் வாரத்தில் ஒரு ராத்திரி என் சொந்தப் பாயில் என் சொந்தக் காலை நீட்டிப் படுக்கலாம், லீவு என்று ஒன்று உண்டு, நாளைக்குக் கண் மங்கிப்போனாலும் கையில் ஏதாவது கொடுத்து அனுப்புவார்கள். லில்லி என்றால் அவர் மகள் என்று நினைத்துத் தலையாட்டிவிட்டேன். மறுநாள் ஜீப்பில் வந்து இறங்கியது ஒரு பாமரேனியன் நாய். பால் நுரையை உருட்டிக் கண் மூக்கு வைத்தது மாதிரி இருந்தது. கூடவே அதற்கு மெத்தை, சீப்பு, பவுடர் டப்பா, பிஸ்கட் டின், ஒரு வெல்வெட் கழுத்துப்பட்டை. நம் தெருவே திரண்டு வந்து நின்றது, எளாவூரிலிருந்தும் தடா பக்கமிருந்தும் வண்டி கட்டிக்கொண்டு ஜனம் வந்தது, சரி, வண்டி கட்டவில்லை, நடந்துதான் வந்தார்கள், ஆனால் வந்தார்கள்.

மேனேஜர் வீட்டு அம்மாள் சொல்லிவிட்டுப் போன சட்டதிட்டங்களைக் கேட்டால் பிலாய் ஃபர்னஸே அணைந்துவிடும். காலையில் பால், காரம் கூடாது, மத்தியானம் எலும்பெடுத்த கறியும் குழைந்த சோறும், இரண்டு வேளை சீவ வேண்டும், சூடு தாங்காது, ஃபேன் கீழே படுக்க வைக்க வேண்டும். நம் வீட்டில் கரண்டே இல்லை, ஃபேனுக்கு எங்கே போவது, நான்தான் ஃபேன். ராத்திரி முழுவதும் கேட்டில் நின்றுவிட்டு விடியற்கால ரயிலில் வந்து இறங்கி, ஒரு வாய் நாஷ்டா தின்றுவிட்டுப் பனையோலை விசிறியை எடுத்து மகாராணிக்கு வீசுவேன். வீசுகிற கை வீசிக்கொண்டே இருக்க நான் தூங்கிவிடுவேன், கை நின்றதும் அவள் என் காதருகே வந்து ஒரு குரல் கொடுப்பாள். அன்று முதல் நான் முழுத் தூக்கம் தூங்கியதில்லை மகளே. உன் சின்னம்மாவோ முதல் நாள் மூக்கைப் பொத்திக்கொண்டு, இந்த பேஜாரு நமக்கு இன்னாத்துக்குய்யா என்று கத்தினாள், இரண்டாம் நாள் லில்லி என்ற பேர் வாயில் நுழையவில்லை என்று வெள்ளச்சி என்று கூப்பிட்டாள், மூன்றாம் நாள் தன் முந்தானையால் அதன் வாயைத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தாள். நீ கல்யாணமாகிப் போன பிறகு அவள் வாய்விட்டுப் பேசிக்கொண்டே வேலை செய்து நான் கேட்டதில்லை. இப்போது அரிசி களையும்போது பேச்சு, விறகு தள்ளும்போது பேச்சு, எல்லாம் வெள்ளச்சியிடம்தான், எனக்கு ஊம் கொட்டுகிற வேலைகூட இல்லை.

இப்படி இருக்கையில் ஆவணியில் அதற்கு உண்ணிக் காய்ச்சல் கண்டுவிட்டது. அந்தப் புசுபுசு ரோமத்துக்குள்ளே உண்ணிகள் ஒரு நகராட்சியே நடத்திக்கொண்டிருந்தது எங்களுக்குத் தெரியவில்லை. பால் குடிக்கவில்லை, தலை தூக்கவில்லை. அதைக் கோணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு மாட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன், டாக்டர் ஊசி போட்டுவிட்டு, காய்ச்சல் இறங்கினால் பிழைக்கும், மற்றபடி என் கையில் ஒன்றுமில்லை என்று உள்ளதைச் சொல்லிவிட்டார். திரும்பி வந்து பார்த்தால் உன் சின்னம்மா ஏரிக்கரை அங்காளம்மன் எதிரில் ஈரப் புடவையோடு நிற்கிறாள். தாயே, இந்தப் புள்ளைய எய்ந்து நிக்க வெச்சுடு, அதும் முடிய உனக்கே எறக்கிடுறேன் என்று வேண்டிக்கொண்டுவிட்டாள். நீ எங்களிடம் வளர்ந்த காலத்தில் உனக்கு அம்மை போட்டபோது இதே வேண்டுதல், இதே இடம், இதே ஈரப் புடவை. அம்மனும் யாருக்கு என்று விசாரிக்கவில்லை போலிருக்கிறது, மறுநாள் வெள்ளச்சி எழுந்து உட்கார்ந்து என் சட்டிச் சோற்றையே தின்றுவிட்டாள்.

வேண்டுதல் என்றால் செலுத்தித்தானே ஆக வேண்டும். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், அது மேனேஜர் வீட்டு நாயடி, முடிதான் அதற்கு அழகு, பூமுடி மாதிரி உச்சியில் ஒரு கொத்து எடுத்தால் போதும், இல்லை தலையில் மட்டும் எடு என்றேன். அதுக்குத் தல எங்க முடியுது, ஒடம்பு எங்க ஆரம்பிக்குது, நீயே ஒரு கோடு போட்டுக் காட்டுய்யா என்றாள். நான் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தேன் மகளே, ஆண்டவன் சத்தியமாகக் கோடு போட இடமில்லை. முடி வெட்டுகிற நாகமுத்துவைக் கூப்பிட்டால் அவன் உன் சின்னம்மாவிடம், இன்னா கோயிந்தம்மா, மாப்பிள்ளைக்கு வெச்ச கத்திய நாயிக்கு வெச்சேன்னா நாளைக்கு எவன் என் கையில தாடைய நீட்டுவான் என்று முரண்டு பிடித்தான். புது பிளேடு நான் தரேன், உன் கத்திய நீயே கட்டிக்கினு அழு என்று இவள் அவனை உட்கார வைத்துவிட்டாள். முடித்ததும் சந்தனம் பூசியாக வேண்டுமே, மொட்டை இருக்கிற இடமெல்லாம் சந்தனம், அதாவது மூக்கிலிருந்து வால் வரைக்கும். எடுத்த முடியை ஏரியில் விட்டோம், தண்ணீர் முழுக்க வெள்ளை மேகம் இறங்கி மிதந்தது. கரையிலே உரித்த கோழிக்குச் சந்தனம் பூசிய மாதிரி ஒரு ஜீவன் நடுங்கிக்கொண்டு நின்றது. அதற்கு உன் சின்ன வயசுப் பாவாடை ஒன்றைக் கட்டிவிட்டு, இப்பத்தான் என் மனசு ஆறிச்சு என்றாள் உன் சின்னம்மா. என் மனசு அன்றைக்குக் கெட்டதுதான், இன்னும் ஆறவில்லை.

புரட்டாசியில் மேனேஜர் வந்தார். அந்த அம்மாள் ஜீப்பிலிருந்து இறங்கி லில்லீ, லில்லீ என்று கூப்பிட, பாவாடை கட்டிய ஒன்று உன் சின்னம்மா காலுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. இது எங்க லில்லி இல்ல, எங்க லில்லிக்கு மூஞ்சி உருண்டையா இருக்கும், இது எலி மாதிரி இருக்கு என்று அந்த அம்மாள் அழ ஆரம்பித்துவிட்டார். மேனேஜர் என்னைப் பார்த்து, யோவ், எங்க நாய எவன்கிட்ட தள்ளிட்டு இந்தத் தெருநாய்க் குட்டியக் காட்டுற என்றார். நான் காய்ச்சல், அம்மன், வேண்டுதல், பிளேடு எல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன். நாய்க்கு மொட்டையா, ஏரியில கூட்ஸ் வண்டி நீளத்துக்கு விரால் மீன் இருக்குன்னு சொன்னவன்தானய்யா நீ என்றார். வாஸ்தவம், சொல்லியிருக்கிறேன், கேட்டில் நிற்கிறவனுக்குப் பொழுது போக வேண்டாமா. பிறந்ததிலிருந்து நான் கலப்படமில்லாமல் பேசியது அந்த ஒரு நாள்தான், அதை யாரும் வாங்கவில்லை. உன் சின்னம்மா சாட்சி சொல்ல வந்து வெள்ளச்சி என்று கூப்பிட, அது வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வந்து, இருந்த கொஞ்சம் சாட்சியையும் கலைத்துவிட்டது. கடைசியில் மேனேஜர் தீர்ப்பு சொன்னார், எங்க நாய்னா முடி வளரும்ல, பொங்கலுக்குள்ள எங்க லில்லி மாதிரியே வளந்துச்சுன்னா நாயத் தூக்கிட்டுப் போறேன், உன் ஆர்டர்லயும் கையெழுத்துப் போடுறேன், வளரலன்னா பொங்கலோட நீ வேற வேலை பாத்துக்க. அந்த அம்மாள் அதற்கப்புறம் ஒரு தடவைகூட வந்து எட்டிப் பார்க்கவில்லை.

ஆகவே மகளே, என் உத்தியோகம் இப்போது ஒரு நாயின் முதுகில் முளைக்க வேண்டும். தேங்காயெண்ணெய் தடவினேன், விளக்கெண்ணெய் தடவினேன், முட்டைக் கரு தடவினேன். கரிசலாங்கண்ணி அரைத்துக்கொண்டு வந்தபோது, கறுப்பா மொளச்சா இன்னாய்யா பண்ணுவ என்று உன் சின்னம்மா கேட்டாள், கொட்டிவிட்டேன். கம்பெனியில் ஷிப்ட் மாறுகிற ஒவ்வொருத்தனும் கேட்டில் நின்று, இன்னா நைனா, முடி வந்துச்சா என்று விசாரிக்காமல் உள்ளே போவதில்லை. என் தலையில் மிச்சமிருந்ததும் இந்தக் கவலையில் கொட்டிவிட்டது. அதற்கோ ஒரு விரற்கடை வளர்கிறது, அப்படியே நின்றுவிடுகிறது, மறுபடி பார்த்தால் குறைந்த மாதிரி தெரிகிறது. தூக்கமில்லாத கண்ணுக்கு அப்படித் தெரிகிறது என்று இருந்துவிட்டேன்.

போன வாரம் ஒரு நாள் மத்தியானம் நான் மண்ணெண்ணெய் வாங்கக் கடைக்குப் போனவன், கடை சாத்தியிருந்ததால் உடனே திரும்பிவிட்டேன். கொல்லைப்புறத்தில் ஓலை மறைப்புக்குப் பின்னால் பேச்சு கேட்டது. நீ தையல் கற்றுக்கொள்ள வாங்கிய கத்தரிக்கோலை வைத்துக்கொண்டு உன் சின்னம்மா உட்கார்ந்திருக்கிறாள், மடியில் வெள்ளச்சி. முதுகு முடியைச் சமமாக நறுக்கி நறுக்கி முந்தானையில் சேர்த்துக்கொண்டிருக்கிறாள். அசங்காத கண்ணு, இது வளந்துச்சுன்னா உன்னத் தூக்கிக்கினு பூடுவாங்க, அந்தாளே இது எங்க நாயி இல்லன்னு சொல்லிட்டுப் போனாரே, அப்ப நீ யாரு ஊட்டுப் பொண்ணாம், சொல்லு என்று கேட்டுக்கொண்டே நறுக்குகிறாள். நான் வந்த அடி தெரியாமல் திரும்பிப் போய், டீக்கடையில் ஒரு டீயை ஆறவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வாசலில் நின்று ஊர் கேட்க இருமிக்கொண்டு உள்ளே வந்தேன். அவள் அடுப்பெதிரில் உட்கார்ந்திருந்தாள். எண்ணெய் தடவினியா இன்னிக்கு, வளரவே மாட்டேங்குதே சனியன் என்று அவளே என்னைக் கேட்டாள். தடவுறேன் என்று சொல்லி உட்கார்ந்து தடவினேன்.

கோபம் வந்தது, வரவில்லை என்று சொல்ல மாட்டேன். ஒரு வார்த்தை கேட்டுவிடலாம், அந்தக் கத்தரிக்கோலைக் கொண்டுபோய் ஏரியில் வீசிவிடலாம், பொங்கலுக்குள் மகாராணி மறுபடி பால் நுரையாகிவிடுவாள், எனக்கும் பாயில் காலை நீட்டுகிற ராத்திரி கிடைக்கும். கேட்டில் நின்று நாலு ராத்திரி இதையே யோசித்தேன். இந்த வயசில் வேலை போனால் களத்தில் மூட்டை தூக்க முதுகு இல்லை, அது தெரியாமல் இல்லை. ஆனால் காலையில் வீட்டுக்குள் நுழையும்போது உள்ளே பேச்சுச் சத்தம் கேட்கிறது பார், நீ போன பிறகு இரண்டு வருஷம் அது கேட்கவில்லை, அந்த இரண்டு வருஷத்தையும் நான் மறுபடி வேலை பார்க்கத் தயாரில்லை. நேற்று சாணை பிடிக்கிறவன் தெருவில் சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு போனான். உன் கத்தரிக்கோல் மழுங்கிப்போயிருந்தது மகளே, நறுக்கும்போது முடியைப் பிடித்து இழுத்திருக்கும், வெள்ளச்சி அன்றைக்கு முகத்தைச் சுளித்ததை நான் பார்த்தேன். சின்னம்மா தண்ணீருக்குப் போயிருந்த நேரத்தில் எடுத்துக் கொடுத்துக் கூராகப் பிடித்து வாங்கி, அவள் ஒளித்து வைத்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

பதில் எழுதும்போது இதில் ஒரு எழுத்தும் எழுதாதே, உன் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டுகிறவன் நான், தடுமாறினால் கண்டுபிடித்துவிடுவாள். பொங்கலுக்கு வர முடிந்தால் இரண்டு பேரும் வாருங்கள், முடியாவிட்டால் வருத்தப்படாதீர்கள், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். கம்பளியை மறக்காதே. நீ நீண்ட ஆயுசோடும் நிறைந்த தூக்கத்தோடும் இருக்க என் ஆசீர்வாதம், சின்னம்மாவின் முத்தங்கள், மகாராணியின் வாலாட்டல்.

இப்படிக்கு,
உன்மேல் உயிரான சித்தப்பா,
மு. முனிகிருஷ்ணன்,
வாட்ச்மேன் (பொங்கல் வரை)