ஏழாவது பெல்

மார்ச் 9, 1983. புதன்.

கடற்கரை வரை போகும் பயணத்தில் இன்று கூக்காலிலிருந்து பூண்டிக்கு மலைப்பாதையில் ஆறு பேரை ஆளுக்கொரு சைக்கிளில் கூட்டி வந்தேன். பாதி வழியில் மூடுபனி இறங்கிவிட்டது. பனியென்றால் என் வழக்கம் ஒன்றுதான்: வளைவுக்கு வளைவு நான் முதலில் பெல் அடிப்பேன், பின்னால் வருகிறவர்கள் வரிசையாக ஆளுக்கொரு தடவை அடிக்க வேண்டும். எல்லா வளைவிலும் ஏழு பெல்லும் சரியாகக் கேட்டது. அதனால் நான் எங்கேயும் நிற்கவில்லை.

பூண்டியில் இறங்கிப் பார்த்தால் கடைசி ஆளான ஸ்டெல்லா டீச்சரைக் காணோம். வந்த வழியே பதறிக்கொண்டு போனேன். பனிக்குள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தனியாக வந்தார்.

"பனி எறங்கின மொத வளைவுலயே செயின் அறுந்துபோச்சு. தொண்ட கிழியக் கத்துனேன், நிக்காமப் போயிட்டீங்களே!"

"வழி பூரா பெல் அடிச்சீங்களே டீச்சர்?"

"எந்த பெல்ல? அதைத்தான் காலைல நீங்க கழட்டிக்கிட்டீங்களே."

ஆமாம். என் பெல் உடைந்துபோனதால் அவருடையதைக் கழற்றி என் சைக்கிளில் மாட்டியிருந்தேன். அடியோடு மறந்துவிட்டேன்.

ஏழாவது பெல்லைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை. நாளை மலையிறங்கினால் கடற்கரைக்கு இன்னும் நாலு நாள். டீச்சரை முன்னால் விட்டுவிட்டு நானே கடைசியில் வரலாம்.

அப்போதும் எனக்குப் பின்னால் பெல் கேட்டால்?