டாக்டரிடம் சொல்லாத வலி

குத்தாலம்
6-1-1974

சௌபாக்கியவதி சாவித்திரிக்கு அப்பா ஆசிகளுடன் எழுதுவது. சிங்கப்பூரில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே யாவரும் நலம் என்று தொடங்கிய தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். உன் அம்மா நலமாக இல்லை.

சென்னை ஆஸ்பத்திரியில் அவளுடைய புற்றுநோய்க்குப் புது மருந்து ஒன்றைக் கொடுத்துப் பார்க்கிறார்கள் என்று முன்பே எழுதியிருந்தேன். இன்னும் பலருக்கும் அதைக் கொடுத்து, யாருக்கு எப்படி இருக்கிறது என்று விசாரித்து அறிக்கை எழுதுகிறார்கள். போகும்போதெல்லாம் அந்த இளைய டாக்டர் வலி எப்படிம்மா இருக்கு என்பார், இவளும் தேவலை தம்பி, நீங்க சாப்பிட்டீங்களா என்பாள். பெஞ்சியின் விளிம்பை அவள் இறுக்கிப் பிடித்திருந்ததை நான் பார்த்தேன். ஆனாலும் அவள் சொன்னதை நான் மாற்றிச் சொல்வது முறையா என்று யோசித்து யோசித்துப் பேசாமலே இருந்துவிட்டேன்.

போன வாரம்தான் உண்மை வெளியே வந்தது. ஆட்கள் கூலி உயர்வு கேட்டு அறுப்பை நிறுத்திவிட, நம் சம்பா வயலிலேயே சாய்ந்து கிடக்கிறது, கடைத்தெருவில் போலீஸ் வேன் நிற்கிறது. விவசாயத் தொழிலாளர் சங்கத்துத் துரைராசு நம் வீட்டுக்குப் பேச வந்தான். நான் பதில் சொல்லத் தயங்கிக்கொண்டிருக்க, உன் அம்மா உள்ளேயிருந்து வந்து, கலம் நெல்லுக்கு அரை மரக்கால் கூலி கூட வேணும்னு நீங்க கொடி பிடிக்கிறீங்க, எனக்கு இடுப்பெலும்பு நொறுங்குது, ரெண்டு மாசமா படுத்துத் தூங்கலை, நான் எங்கே போய்க் கொடி பிடிக்கிறது என்று சத்தம் போட்டாள். அவன் திகைத்துப்போய், கூலி கெடக்கட்டும்மா, மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போங்க என்றான். பேச்சை மாத்தாதே துரைராசு, அரை மரக்காலுக்கு வழியைச் சொல்லு என்கிறாள் இவள்.

மறுநாளே அவளை ரயிலில் அழைத்துப் போய் டாக்டரிடம் நானே சொன்னேன். அவர் கோபப்படவில்லை. வலி குறைஞ்சவங்க வரிசையில இவங்களை எழுதிட்டேனே சார், அதை நம்பி இன்னும் எத்தனை பேருக்கு இதையே கொடுப்பாங்களோ என்று தலையில் கைவைத்துக்கொண்டார். எழுதியதைத் திருத்தினார். அந்த மருந்தையும் நிறுத்திவிட்டார், இனி நோயோடு மல்லுக்கட்ட வேண்டாம், வலியை மட்டும் பார்ப்போம் என்று பக்குவமாகச் சொன்னார். மார்ஃபின் என்ற வலி மருந்துக் கரைசல் கொடுத்திருக்கிறார், கடிகாரத்தைப் பார்த்து நான் வேளை தவறாமல் அளந்து கொடுக்கிறேன். இப்போது தூங்குகிறாள். இந்தத் தூக்கத்தை அவளுக்கு எப்போதோ வாங்கித் தந்திருக்கலாம், வாய் திறக்காமல் இருந்துவிட்டேன். ஏன் மறைத்தாய் என்று கேட்டால், அவ்வளவு அக்கறையா விசாரிக்கிற புள்ளைகிட்ட, உன் மருந்துல ஒண்ணும் நடக்கலைன்னு மூஞ்சிக்கு நேரே எப்படிங்க சொல்றது என்கிறாள்.

சித்திரைக்கு மேல் உறுதி சொல்ல முடியாது என்று டாக்டர் என்னைத் தனியே அழைத்துச் சொன்னார். வைகாசியில் லீவு எடுத்து வருவதாக நீ எழுதியிருந்ததை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். அவசரமில்லே, சௌகரியப்பட்டப்ப வரட்டும்னு எழுதுங்க என்றாள். சரி என்று தலையாட்டிவிட்டுத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அதை எழுத மாட்டேன். இந்தத் தையிலேயே வந்துவிடு அம்மா.

மாப்பிள்ளைக்கும் உனக்கும் தீர்க்காயுசு உண்டாகட்டும். கப்பல் ஏறுமுன் மறக்காமல் தந்தி கொடு, மாயவரம் ஸ்டேஷனுக்கு நான் வந்து நிற்பேன்.

இப்படிக்கு
உன் அப்பா
வைத்தியலிங்கம்