வன்னா கேட்கப்போகும் இரண்டு கேள்விகள்

என்னங்க, மூங்கில் கூடையில் ஒட்டரிசிச் சோறு இருக்கிறது, சின்னச் சட்டியில் மிளகாய்த் துவையல். கொல்லைக் கதவைப் பூட்டாதீர்கள். என்னைப் போல அடுத்த தெருவுக்குச் சுகாதாரத் தொண்டராக இருக்கும் வன்னா அந்த வழியாகத்தான் வருவாள்.

நான் வீடு வீடாகக் கேட்பதைத்தான் அவளும் கேட்பாள். "இந்த ரெண்டு வாரமா மனசு சோர்வா இருக்கா? எதுலயும் பிடிப்பில்லாம இருக்கா?" பரீட்சைக்குப் படிக்கும் தான்வா, பிள்ளை பெற்ற சிரிகன்யா, காது கேட்காத கம்பான் தாத்தா, எல்லோரும் எனக்குப் பதில் சொன்னார்கள். நீங்கள்தான், "ஊர்க்காரங்ககிட்ட பூ மாதிரி கேக்குற, எங்கிட்ட மட்டும் போலீஸ் மாதிரி கேக்குற" என்று எழுந்து போனீர்கள். யோசித்தால், அப்படித்தான் கேட்டிருக்கிறேன். அதனால்தான் அவளை வரச் சொன்னேன்.

கண் மங்கி லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்ததிலிருந்து, தினமும் காலையில் வாசலில் நிற்கும் வண்டியில் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருக்கிறீர்கள். ஜன்னல் வழியே பார்க்கிறேன். வளைவு வந்ததுபோல் கை திரும்புகிறது. எங்கே போகிறீர்கள், லம்பாங்குக்கா, பயாவுக்கா? யாரை ஏற்றிக்கொள்கிறீர்கள்? வன்னாவிடமாவது சொல்லுங்கள். நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று அவளிடம் துருவிக் கேட்க மாட்டேன்.

இப்படிக்கு, புவாலாய்

துவையலில் உப்புக் கொஞ்சம் தூக்கல்.

இன்னொன்று. நேற்று வன்னா என்னையும் கேட்டாள். முதல் கேள்விக்கே, "ஆமா" என்றேன். ஏன் என்று கேட்டாள், அதை அவளிடம் சொல்லவில்லை. சாயங்காலம் நான் வீடு திரும்பியதும் வண்டியில் உங்கள் பக்கத்தில் ஏறி உட்காருகிறேன். நீங்கள் கேளுங்கள். போலீஸ் மாதிரி கேட்டாலும் பரவாயில்லை.