உங்கள் பெயருக்கு வந்த கடன்

இன்று காலையும் உங்கள் பெயருக்கு ஒரு கவர் வந்தது. மேலே சிவப்பு எழுத்தில் கடைசி எச்சரிக்கை. பசை வாடைகூடப் போகவில்லை. இந்த முறை எனக்குப் பயம் வரவில்லை, வெட்கம்தான் வந்தது.

முதல் கவர் வந்தபோது நீங்கள் கண்ணை மூடி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. நீங்கள் இரண்டு லட்சம் வாங்கியதாகவும், நான் கட்டாவிட்டால் வீட்டுக்கு ஆள் வரும் என்றும் எழுதியிருந்தது. எந்த பேங்க், எப்போது வாங்கினீர்கள், ஒரு விவரமும் இல்லை. வேறு யாருக்காவது வந்திருந்தால் ஏமாற்று வேலை என்று நானே சொல்லியிருப்பேன். உங்கள் பெயரைப் பார்த்ததும் புத்தி கெட்டுப்போயிற்று. உங்கள் சட்டைப் பைகளைத் துழாவினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பரைப் பார்க்க ஊர்க்கோடி டாலிகஞ்சுக்குப் போவீர்களே, அங்கே எவள் இருக்கிறாளோ என்றுகூட யோசித்தேன். சொல்லவே நாக்கு கூசுகிறது.

யாரையும் கேட்கவில்லை. உங்கள் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, டெபாசிட்டை உடைத்து அவர்கள் சொன்ன கணக்குக்கு ஐம்பதாயிரம் அனுப்பினேன். பெங்களூரிலிருந்து பையன் கேட்டபோது, "அப்பா கொஞ்சம் கடன் வச்சுட்டுப் போயிட்டார்டா" என்றேன்.

அடுத்த கவரைக் கீழ்வீட்டு வங்காளி அண்ணி, நாம் பௌதி என்று கூப்பிடுகிறவள், மாடிப்படியில் பார்த்துவிட்டாள். அவள் கணவரும் போன வருஷம்தான் போனார்.

"இது எனக்கும் வந்துதே! அதே ரெண்டு லட்சம். பேப்பர்ல இரங்கல் விளம்பரம் பார்த்து அனுப்பறாங்க. கிழிச்சுப் போட்டேன்."

"பயமா இல்லையா பௌதி?"

"எங்க வீட்டு மனுஷராவது, எனக்குத் தெரியாம கடனாவது!" என்று சிரித்தாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நம் வீட்டில் புழங்காத மீன் கட்லெட்டை டாலிகஞ்சில் தின்றுவிட்டு, லவங்கம் மென்றபடி வருவீர்கள். கதவைத் திறக்கும்போதே "இன்னிக்கு எத்தனை?" என்பேன். "வாசனை போகலையா?" என்று அசடு வழிவீர்கள். ஒரு கட்லெட்டை மறைக்கத் தெரியாத மனிதர் இரண்டு லட்சத்தை மறைத்தார் என்று நம்பினேனே!

போலீசில் எழுதிக் கொடுத்தாயிற்று. பணம் வந்தால் வரட்டும். பையனுக்குப் போன் செய்து, "அப்பா யாருக்கும் கடன்படலைடா, எல்லாம் பொய்" என்றேன். இத்தனை நாளும் உங்கள்மேல் கோபமாக இருந்திருக்கிறான். பிறகு மெல்லச் சொன்னான்:

"நீ சொன்னே, நான் நம்பினேன். நீ எப்படிம்மா நம்பினே?"

முப்பது வருஷத்துக்கு மேல் உங்களோடு வாழ்ந்தவள் நான். அந்தக் கேள்வியோடுதான் தினமும் உங்கள் படத்துக்கு விளக்கேற்றுகிறேன்.